புதுப்பிப்பு: தோவாளையில் எடுத்த பிச்சிப்பூ படங்கள்

பதினொன்றாம் வகுப்பு புகைப்படப் பணிக்காக 'வேலை செய்யும் கைகள்' எடுக்கிறேன், கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ எல்லாம் சாம்பல் நிறமாக விழுகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஏற்றச் சொன்னவர்களுக்கு நன்றி.

மறுபடி விடிவதற்கு முன்னே போனேன். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக எண்ணி ஒளியை அளக்கிறது. அதனால்தான் வெள்ளைப் பூக்குவியல் மங்கியிருக்கிறது. எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி +1 வைத்ததும் பூ வெள்ளையாகவே விழுந்தது, இதழ் நுனியின் இளஞ்சிவப்பும் தெரிந்தது.

அப்புறம் கைகள். பூக்கட்டும் அக்கா ஒருவர், "மக்களே, முகத்த எடுக்காண்டாம், கைய எடு" என்றார். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தபோது விரல்கள் புகைமாதிரி கலைந்தன. அதை 1/250 நொடியாகக் குறைத்து, ஒளி குறைந்ததை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200க்கு ஏற்றினேன். படத்தில் மணல்மாதிரிப் புள்ளிகள் கொஞ்சம் கூடின, பரவாயில்லை. நாரைச் சுற்றி இழுக்கும் கட்டைவிரல், நகத்தில் ஒட்டிய ஈரம், எல்லாம் கூர்மையாக நின்றன. எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

ஆசிரியர் பன்னிரண்டு படங்களில் ஐந்தைத் தேர்ந்தார். முட்டம் கடற்கரையில் எடுத்த சூரிய அஸ்தமனம் ஒன்றுகூட அதில் இல்லை. சரிதான், அதில் கைகளே இல்லையே. அக்காவுக்கு ஒரு பிரதி போட்டிருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.