திருகோணமலைத் துறைமுகம் ஏன் கொழும்பைப் போல வளரவில்லை?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறையின் மேற்குப் பக்க யன்னலைத் திறந்தால் உட்துறைமுகத்தின் ஒரு பகுதி தெரியும். சென்ற வாரம் இலங்கையின் துறைமுகங்கள் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி யன்னலைக் காட்டி, "ரீச்சர், இவ்வளவு பெரிய தண்ணீரில் ஒரேயொரு மாவுக் கப்பல்தானே நிற்கிறது, கொழும்பில் மட்டும் ஏன் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன?" என்று கேட்டாள். பாடநூலில் "உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று" என்று அச்சாகியிருக்கும் வரியை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தோம்.

போர்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் போர் 1983இல் தொடங்கியது. கொழும்பின் முதலாவது அலைதடுப்பு அணை 1885இலேயே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் போரைக் காரணமாகச் சொல்ல முடியாது. கையருகே இயற்கை அமைத்துக் கொடுத்த துறைமுகம் இருக்க, திறந்த கடலுக்குள் கல்லைக் கொட்டி இன்னொரு துறைமுகத்தை ஆங்கிலேயர் ஏன் உருவாக்கினார்கள்? எங்கள் துறைமுகத்தின் ஆழம் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் உண்மைதானா? மாணவர்களிடம் அரைகுறையான விடையோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நங்கூரம் எழுதியது:

வணக்கம் ரீச்சர். கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில், ஆழத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

ஆழம் உண்மைதான். எங்கள் துறைமுகம் திறக்கும் கொட்டியாரக் குடாவின் அடியில் ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்குக் கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்கி, வங்காள விரிகுடாவுக்குள் மூவாயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிச் செல்கிறது. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி இந்தக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. பொதுவாக இவ்வளவு பெரிய ஆறு விழும் இடத்தில் மணல் திட்டுகள் எழுந்து கப்பல் வழியை அடைத்துவிடும். இங்கே ஆறு கொண்டுவரும் வண்டலின் பெரும்பகுதியை அந்தப் பள்ளத்தாக்கு வாங்கி ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறது. அத்துடன் ஆற்று முகம் குடாவின் தென்புறத்தில் மூதூர்ப் பக்கமாகவும், உட்துறைமுகம் வடபுறத்தில் மலைகளுக்குப் பின்னாலும் அமைந்திருக்கின்றன.

உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்புச் சுமார் 1,630 ஹெக்டேர். வாயிலின் அகலம் ஏறத்தாழ 500 மீற்றர்தான். வாடைக்காற்று வெளியே கடலைப் புரட்டியடிக்கும் மார்கழி மாதத்தில், ஒஸ்டன்பேர்க் முனையைச் சுற்றிக் கப்பல் உள்ளே திரும்பும்போது நடப்பதை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை மேல்தளத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு நின்ற நாங்கள், சில நிமிடங்களில் கையை விட்டுவிட்டுச் சாதாரணமாக நடக்கத் தொடங்கிவிடுவோம். தண்ணீர் குளத்தைப் போலக் கிடக்கும். இரு பக்கமும் மரங்கள் நீர் விளிம்புவரை இறங்கி வந்து நிற்கும். கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடும் ஒரு மீற்றருக்குக் குறைவு என்பதால், கப்பல் பெருக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"உலகில் இரண்டாவது", "ஐந்தாவது" என்றெல்லாம் சொல்லப்படும் வரிசை எண்களை மாணவர்களுக்குக் கற்பிக்காமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. நீர்ப்பரப்பை வைத்து அளந்தால் ஒரு வரிசையும், ஆழத்தை வைத்து அளந்தால் வேறொரு வரிசையும் வரும். இந்தத் துறைமுகத்தின் பெருமைக்கு அந்த எண்கள் தேவையும் இல்லை.

பழைய ஏடு எழுதியது:

நங்கூரம் ஐயா சொன்ன ஆழம்தான், என் பார்வையில், இந்த ஊரின் விதியை வேறு திசைக்குத் திருப்பியது. வணிகனுக்குப் பிடித்த துறைமுகம் ஒன்று, கடற்படைக்குப் பிடித்த துறைமுகம் இன்னொன்று. திருகோணமலையைப் பிடித்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அங்கிருந்து வணிகம் செய்வதற்காகப் பிடிக்கவில்லை; அது வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே பிடித்தார்கள்.

போர்த்துக்கேயரிடமிருந்தே தொடங்கலாம். 1620களில் அவர்கள் கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். சம்பந்தர் பதிகம் பாடிய தலம் கோட்டைச் சுவராகிப்போன அந்த வேதனை இன்றும் ஆறாதது. அவர்களுடைய கணக்கு என்னவென்றால், கண்டி அரசனுக்குக் கிழக்குக் கடலில் வெளியுலகத்தோடு தொடர்பு இருக்கக்கூடாது என்பதுதான். 1639இல் ஒல்லாந்தர் கண்டியின் துணையோடு அதைக் கைப்பற்றினர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் கோட்டை இரண்டு முறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானுக்கும் போனது. பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பி வந்து, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, அவர்களிடமே நிலைத்தது.

ஏன் இத்தனை போட்டி என்றால், பாய்மரக் கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக ஒதுங்குவதற்கு ஓரிடமும் கிடையாது. சென்னையில் அப்போது துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் போர்க்கப்பல்கள் அங்கே நிற்க முடியாமல் பம்பாய் வரைக்கும் போய்விட நேரும். அந்த நேரத்தில் திருகோணமலை எவர் கையில் இருக்கிறதோ அவர் வங்காள விரிகுடாவை விட்டு அகலாமல் இருக்கலாம். சுஃப்ரான் கண்டது அதைத்தான்.

ஆனால் ரீச்சர், வணிகனுக்கு வேண்டியது துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் நிலம். கறுவா விளைந்தது மேற்குக் கரையில். பிறகு கோப்பியும் அதற்குப் பிறகு தேயிலையும் விளைந்தது மத்திய மலைநாட்டில். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் பாதை 1867இல் போடப்பட்டுவிட்டது. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல்தான். அறுபது ஆண்டுகள்! தோட்டத்துரைமார், வங்கிகள், பண்டசாலைகள், ஏல விற்பனை எல்லாம் அந்த அறுபது ஆண்டுகளில் கொழும்பில் வேரூன்றிவிட்டன. திருகோணமலைக்குப் பின்னாலோ வரண்ட வலயக் காடும், பாழடைந்த குளங்களும், மலேரியாவும்தான் இருந்தன. ஏற்றி அனுப்புவதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் இன்னொரு பாரம் ஏறியது. ஐரோப்பாவிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் நீராவிக் கப்பல் இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகிறது. அந்த வழியில் நிலக்கரி ஏற்ற முதலில் தென்கரையிலுள்ள காலித் துறைமுகமும், 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்பு அணை எழுந்தபின் கொழும்பும் வசதியாயின. திருகோணமலைக்குப் போக வேண்டுமானால் கப்பல் தன் வழியை விட்டு வடக்கே நெடுந்தூரம் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். இயற்கைத் துறைமுகத்தைக் கையருகே வைத்துக்கொண்டு கடலில் கல்லைக் கொட்டியது வீண்வேலை போலத் தோன்றினாலும், ஆங்கிலேயருக்கு அந்தக் கல்லின் செலவு இந்தச் சுற்றுவழியின் செலவைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது.

கடற்படையும் தன் பங்குக்கு ஊரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள மேடுகளும் முனைகளும் கடற்படைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால், வணிகர் எங்கே பண்டசாலை கட்டுவது? ஆங்கிலேயக் கடற்படை 1957இல்தான் வெளியேறியது.

கொட்டியாரத்தான் எழுதியது:

பழைய ஏடு ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். "ஏற்றி அனுப்புவதற்கு ஒன்றுமில்லை" என்பதை மட்டும் மூதூர்க்காரனாகிய என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கொட்டியாபுரப்பற்றின் நெல்லும், மீனும், கிண்ணியாவின் கால்நடைகளும் எக்காலத்திலும் இருந்தன. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் வந்த கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, பழுதுபார்ப்பதற்கும் வணிகத்துக்கும் ஒதுங்கியது எங்கள் கொட்டியாரத்தில்தான். கண்டி அரசனின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை.

எங்களுக்கு இல்லாமற் போனது வழி. மூதூரின் கரையில் நின்றால் திருகோணமலை நகரம் குடாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும்; தரைவழியாகப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையடியிலும் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். (தமிழகத்து வாசகர்களுக்காக: எங்கள் பேச்சில் "பாதை" என்றால் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை.) நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கிண்ணியாத் துறையடியில் முறைக்காக நிற்க, அதன் சாரதி சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு லொறிக்கடியில் பாயை விரித்துப் படுத்துவிடுவதைச் சிறுவயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்களுக்கு விரைவான வழி லோஞ்சு மட்டும்தான். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றப் பாலங்கள் அதன்பின் வந்தன. குடாவின் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையில்கூட ஒழுங்கான வீதி இல்லாத ஊரில் துறைமுகம் எப்படி வளரும்? ரீச்சர், போரை உங்கள் விடையிலிருந்து முழுதாக நீக்கிவிட வேண்டாம். அது தொடங்கிவைக்கவில்லை என்பது சரி. ஆனால் 1957க்குப் பிறகு கிடைத்த வாய்ப்பில் கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தை அது தின்றுவிட்டது. அந்த ஆண்டுகளில்தான் கொழும்பு கொள்கலன்களின் துறைமுகமானது.

உவர்மலை வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கொட்டியாரத்தான் அண்ணா, பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் அம்மம்மா அந்தப் பயணங்களைப் பற்றிச் சொன்னவை நினைவுக்கு வந்தன. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. துறைமுகத்தை அடுத்துள்ள சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் (எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகள்) பழைய ஏடு ஐயாவின் விளக்கத்துக்குள் எங்கே பொருந்துகின்றன? எங்கள் யன்னலில் தெரியும் அந்த மாவுக் கப்பல் மட்டும் ஏன் தவறாமல் வருகிறது?

பழைய ஏடு எழுதியது:

எண்ணெய்க் குதங்கள் கடற்படைக் கதையின் தொடர்ச்சிதான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் தம் கப்பல்களுக்காக அவற்றைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இன்று 99 குதங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. மேற்பகுதிக் குதங்கள் பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் மூடுண்டு கிடந்தன. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைத்தேவைக்கும் திருகோணமலை கொடுக்கப்படாது என்றும், குதங்கள் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும் என்றும் எழுதப்பட்டது. "வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடாது" என்ற அதே பழைய கணக்கை இதிலும் காணலாம். 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி 14 குதங்கள் இந்திய நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பின் கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன.

நங்கூரம் எழுதியது:

மாவுக் கப்பலுக்கு நான் விடை சொல்கிறேன். 1980களிலிருந்து துறைமுகக் கரையில் நிலைத்திருப்பவை கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும். இரண்டுக்கும் மூலப்பொருள் உள்நாட்டிலிருந்து வருவதல்ல. கோதுமையும், சீமெந்துக்கு அரைக்கும் கிளிங்கரும் வெளிநாட்டிலிருந்து மொத்தமாகக் கப்பலில் வருகின்றன. பெரிய கப்பல் ஆலையின் வாசலுக்கே வந்து நிற்க வேண்டும் என்பதால் ஆலைக்கு ஆழம்தான் முதல் தேவை. பின்னால் என்ன விளைகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. கோதுமை ஆலைக்குச் சென்ற கப்பலொன்றில் நானும் இருந்திருக்கிறேன். உறிஞ்சுகுழாயைச் சரக்கறைக்குள் இறக்கியதும் தானியக் குவியலின் நடுவில் ஒரு குழி விழுந்து, அது மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போகும். மேல்தளமெங்கும் தவிட்டு நிறத் தூசி படியும், அதைத் தேடிப் புறாக்கள் கூட்டமாக இறங்கும்.

உங்கள் மாணவிக்கு நான் சொல்வதென்றால், அடுத்த தடவை யன்னலில் கப்பலைக் காணும்போது அதன் உடலில் நீர்க்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வரும்போது நீருக்குள் ஆழ்ந்து கிடக்கும் கப்பல், சில நாட்களில் சிவப்பு வயிறு தெரிய உயர்ந்து நிற்கும்; பெரும்பாலும் அப்படியே வெறுமையாகத்தான் வெளியேறும். கொழும்பில் ஒரு பெட்டியை இறக்கிய கப்பல் இன்னொரு பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிறது. அவள் கேட்ட வேறுபாட்டை அந்தக் கோட்டிலேயே அவளுக்குக் காட்டலாம்.