வீடு எடிசன், வேலை மன்ஹாட்டன்: இரண்டு மாநிலமும் முழு வரி கேட்கிறது, எங்கே தப்பு?

எடிசன்_லோக்கல்:
வணக்கம். வீடு நியூ ஜெர்சியின் எடிசனில், வேலை நியூயார்க்கின் மன்ஹாட்டனில். 2024 வருமானத்துக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறேன். தனி ஆள், வாடகை வீடு, மாதம் 2,000 டாலர். டபிள்யூ-2வில் (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்) பாக்ஸ் 1, அதாவது ஃபெடரல் (மத்திய அரசு) வரிக்கான சம்பளம்: 1,20,000. கீழே மாநில வரிசை இரண்டு இருக்கிறது. நியூயார்க் வரிசையில் பாக்ஸ் 16ல் (மாநில வரிக்கான சம்பளம்) 1,20,000, பாக்ஸ் 17ல் பிடித்தம் 6,900. நியூ ஜெர்சி வரிசையில் 1,26,000, பிடித்தம் காலி. இது போக வங்கி வட்டி 1,500.

நியூயார்க்கிலிருந்து 580 திரும்ப வரும் என்கிறது சாஃப்ட்வேர். அதே மூச்சில் நியூ ஜெர்சிக்கு 5,932 கட்டு என்கிறது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவையா? அந்த 6,000 வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். அந்த 40 சதவீதத்தை நியூயார்க் கணக்கில் கழிக்கலாமா?

படிவக்காரன்:
நியூயார்க்கில் கட்டும் வரிக்காக நியூ ஜெர்சி தன் வரியில் கழித்துத் தரும் கிரெடிட் ஏறவில்லை, அவ்வளவுதான். நியூ ஜெர்சியை முதலில் முடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நியூயார்க் வரி எவ்வளவு என்று சாஃப்ட்வேருக்கே தெரியாது, அதனால் கிரெடிட் பூஜ்யம்.

நியூ ஜெர்சியை மொத்தமாக நீக்கிவிடுங்கள். ஃபெடரல் முடிந்ததும் நியூயார்க்கின் ஐடி-203 (வெளிமாநிலத்தவர் படிவம்). அது முழுதாக முடிந்த பிறகுதான் என்ஜே-1040 (நியூ ஜெர்சியில் குடியிருப்பவர் படிவம்). அதில் என்ஜே-சிஓஜே என்ற அட்டவணை வரும், கிரெடிட் அங்கேதான்.

இரண்டு வரிசையையும் கூட்டி 2,46,000 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே சம்பளத்தை இரண்டு மாநிலமும் தன் தன் விதிப்படி பார்க்கிறது. அந்த 6,000 பெரும்பாலும் சம்பளத்தில் வரிக்கு முன் பிடித்த மெடிக்கல் பிரீமியமும் ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பணமும்தான். ஃபெடரலும் நியூயார்க்கும் அதற்கு வரி போடுவதில்லை, நியூ ஜெர்சி போடும். 401(கே) எனும் ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் அதுவும் விட்டுவிடும். பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) எடுத்து ஒருமுறை சரிபாருங்கள். என்ஜே-1040ல் 15ஆம் வரியில் 1,26,000தான் வர வேண்டும்.

எடிசன்_லோக்கல்:
பே ஸ்டப் பார்த்தேன், பிரீமியம் 4,000, ஹெச்எஸ்ஏ 2,000. சரியாக இருக்கிறது. சிஓஜேயில் நியூயார்க்குக்குக் கட்டிய வரி என்று கேட்கும் இடத்தில் பாக்ஸ் 17ல் உள்ள 6,900தானே?

படிவக்காரன்:
இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து கடிதம் வருவதற்கு முதல் காரணமே இந்த எண்தான். 6,900 என்பது பிடித்தம். போட வேண்டியது ஐடி-203 முடிவில் வரும் வரி: 6,900இல் 580 போக 6,320.

‘இரண்டு இடத்திலும் வரி விதிக்கப்பட்ட வருமானம்’ என்ற கட்டத்தில் 1,20,000 போடுங்கள், 1,26,000 வேண்டாம். அந்த 6,000ஐ நியூயார்க் தொடவே இல்லை.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். நியூ ஜெர்சியின் மொத்த வருமானம் 1,26,000 + 1,500 = 1,27,500. சொந்த விலக்கு 1,000 போக 1,26,500க்கு வரி 5,932. 1,20,000ஐ 1,27,500ஆல் வகுத்தால் 94.12 சதவீதம். 5,932இல் 94.12 சதவீதம் 5,583. கிரெடிட் என்பது இந்த 5,583, அந்த 6,320 இரண்டில் எது குறைவோ அது. ஆக 5,583 கழிந்து 349 மட்டும் கட்ட வேண்டும். நியூயார்க்கில் அதிகம் கட்டியும் இங்கே ஏன் பாக்கி என்றால், பிரீமியம், ஹெச்எஸ்ஏ, வட்டி மூன்றுக்குமான நியூ ஜெர்சி வரி அது.

ஹட்சன்கரை:
வாடகைக்காரர் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். வாடகையில் 18 சதவீதத்தை சொத்து வரியாகக் கருதிக் கழிக்கலாம், அல்லது 50 டாலர் கிரெடிட் வாங்கலாம், இரண்டில் ஒன்றுதான். உங்களுக்கு 24,000இல் 18 சதவீதம் 4,320. பெரிதாகத் தெரியும், ஆனால் வரி குறையும்போது சிஓஜே கிரெடிட்டும் கூடவே குறைகிறது. கையில் மிஞ்சுவது 16 டாலர். 50 டாலர் கிரெடிட்டையே எடுங்கள், பாக்கி 299. வாடகை விவரத்தைச் சரியாகக் கொடுத்தால் சாஃப்ட்வேர் இதைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் ஒரு கண் வையுங்கள்.

வீட்டிலிருந்து பார்த்த நாட்களைக் கழிக்காதீர்கள். அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, உங்கள் வசதிக்காக வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் அந்த நாளும் நியூயார்க் நாள்தான். கம்பெனியின் தேவைக்காகத்தான் வீட்டிலிருந்து வேலை என்று காட்டினால் ஒழிய நியூயார்க் விடாது. வெளிமாநிலத்திலிருந்து வேலை பார்த்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி இதை எதிர்த்துப் போனார். 2003ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது.

வேறு மாநிலத்தில் கிளையண்ட் இடத்துக்குக் கம்பெனியே அனுப்பிய நாட்கள் வேறு. அவற்றை ஐடி-203உடன் இணைக்கும் ஐடி-203-பியின் முதல் அட்டவணையில் கழிக்கலாம். சனி, ஞாயிறு, விடுமுறை, லீவு எல்லாம் போக மீதி வேலை நாட்களை வைத்துத்தான் விகிதம். டிக்கெட், ஹோட்டல் பில் பத்திரம். இப்படிக் கழித்தால் சிஓஜேயின் 1,20,000உம் அதே அளவு இறங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

படிவக்காரன்:
அந்த 40 சதவீதத்தைப் பிடிவாதமாகக் கழித்தாலும் என்ன கிடைக்கும் என்று போட்டுப் பார்த்தேன். நியூயார்க்கில் 2,528 குறையும், நியூ ஜெர்சியில் 2,233 ஏறும். மிச்சம் 295. பின்னால் நியூயார்க் மறுத்தால் வட்டியோடு அங்கே கட்டி, இங்கே திருத்திய ரிட்டர்ன் போட்டு பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். 295க்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

பக்ஸ்கவுண்டி_அக்கா:
எனக்கு நேர் எதிர், வீடு பென்சில்வேனியா, வேலை நியூ ஜெர்சி. நானும் இதே சிஓஜேயா?

ஹட்சன்கரை:
இல்லை அக்கா. அந்த இரண்டு மாநிலத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளத்துக்கு வரி வீடு இருக்கும் மாநிலத்தில் மட்டும். என்ஜே-165 படிவத்தைக் கம்பெனியில் கொடுத்துவிட்டால் நியூ ஜெர்சி பிடித்தம் நின்றுவிடும். ஏற்கெனவே பிடித்ததை வாங்க என்ஜே-1040என்ஆர் (நியூ ஜெர்சியின் வெளிமாநிலத்தவர் படிவம்). பிலடெல்ஃபியா நகரத்தின் சம்பள வரி மட்டும் இந்த ஒப்பந்தத்தில் அடங்காது.

எடிசன்_லோக்கல்:
நீக்கிவிட்டு வரிசைப்படி போட்டேன், 299 காட்டுகிறது. இருவருக்கும் நன்றி. அடுத்த வருடத்துக்கு முன்கூட்டியே ஏதாவது கட்ட வேண்டுமா?

படிவக்காரன்:
பாக்கி 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால்தான் என்ஜே-1040-இஎஸ் (முன்கூட்டியே கட்டும் வரி) தவணை. ஹெச்எஸ்ஏயைக் கூட்டினாலோ வங்கி வட்டி ஏறினாலோ அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். ஐடி-203இன் முழு நகலை எடுத்து வையுங்கள், நியூ ஜெர்சி கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.