முதல் உயிரி யாரோடு இணை சேர்ந்தது? இயற்கைத் தேர்வும் சிற்றினத் தோற்றமும்

கேள்வி: தொடர்வாசகன்

வணக்கம். இயற்கைத் தேர்வு என்னும் கருத்து எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஓர் இனக்கூட்டத்தில் உள்ள உயிரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் வேறுபாடுகளில் சில மரபுவழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. பிழைத்திருக்கவும் சந்ததி பெருக்கவும் உதவும் வேறுபாடுகள் தலைமுறைதோறும் பரவலாகின்றன. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் 1977இல் கடும் வறட்சி வந்தபோது, சிறிய விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகளை உடைக்கவல்ல தடித்த அலகுடைய ஃபிஞ்ச் குருவிகளே அதிகம் பிழைத்தன என்பதையும், அவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரி அலகுத் தடிமன் கூடியிருந்தது என்பதையும் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியரின் குழு அளந்தே காட்டிவிட்டது. அதுவரை எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் அலகு தடித்த பிறகும் அது அதே குருவிதானே? எந்தத் தலைமுறையை எடுத்துக்கொண்டாலும் தாயும் சேயும் ஒரே சிற்றினமாகத்தான் இருக்கின்றன. தமக்குள் இணைந்து வளமான சந்ததியைத் தரும், பிறவற்றோடு இணைந்தால் அவ்வாறு தராத கூட்டமே சிற்றினம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அப்படியானால் புதிய சிற்றினத்தின் முதல் உயிரி யாரோடு இணை சேர்ந்திருக்கும்? சுற்றியிருக்கும் எவற்றோடும் சேர முடியாத உயிரிக்கு வாரிசு இராது. வாரிசற்ற பண்பை இயற்கைத் தேர்வு உடனே களைந்துவிடும். இவ்வாறு பார்த்தால், இயற்கைத் தேர்வு புதிய சிற்றினம் தோன்றுவதைத் தடுக்கத்தானே வேண்டும்?

மறுமொழி 1: இரட்டைச்சுருள்

தங்கள் கேள்வி டார்வினையே உறுத்திய கேள்விதான். 1859இல் வெளிவந்த தம் நூலில் கலப்புயிரிகளின் மலட்டுத்தன்மைக்கென்றே ஓர் அத்தியாயத்தை அவர் ஒதுக்கினார். மலட்டுத்தன்மை தேர்வினால் நேரடியாக வளர்க்கப்பட்ட பண்பு அன்று, வேறு மாற்றங்களின் பக்கவிளைவாகவே நேர்வது என்று அதில் வாதிட்டார். எந்த வழியில் நேர்கிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. மரபணு என்னும் கருத்தே அன்று இல்லை.

தாங்கள் தடையைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இனப்பெருக்கத் தடை ஓர் உயிரிக்கும் அதன் பெற்றோருக்கும் இடையில் எழுவதில்லை. பிரிந்து வாழ்ந்த இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், இரண்டுமே அறியாமல் எழுகிறது. இதனை எழுத்துகளை வைத்தே காட்டிவிடலாம். முன்னோர்க் கூட்டத்தின் எல்லா உயிரிகளும் ஒரு மரபணுவில் ‘அ அ’ என்றும், வேறொரு மரபணுவில் ‘இ இ’ என்றும் இருப்பதாகக் கொள்வோம். கடலோ மலைத்தொடரோ குறுக்கிட்டு அக்கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. கிழக்குப் பக்கத்தில் ஓர் உயிரியின் ‘அ’ ஒன்று ‘ஆ’ ஆக மாறுகிறது. ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் எந்தப் பிணக்கும் இல்லை, ஆகவே அந்த உயிரி தன் அண்டையில் இருப்பவற்றோடு இயல்பாக இணைகிறது, வளமான சந்ததியைத் தருகிறது, காலப்போக்கில் ‘ஆ’ அங்கு முழுவதும் பரவிவிடுகிறது. மேற்குப் பக்கத்தில் அதேபோல் ‘இ’ மாறி ‘ஈ’ ஆகிறது. ‘அ’வோடு அதற்கும் பிணக்கு இல்லாததால் அதுவும் பரவுகிறது. இப்போது கிழக்கில் ‘ஆ ஆ, இ இ’, மேற்கில் ‘அ அ, ஈ ஈ’.

இந்த வரலாற்றில் எந்தக் கட்டத்திலும் எந்த உயிரியும் துணையின்றித் தவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் ‘ஆ’வும் ‘ஈ’யும் ஒரே உடலுக்குள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அவை ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, ஏனெனில் அந்தச் சேர்க்கையை இயற்கைத் தேர்வு சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. இரு கூட்டங்களும் மீண்டும் சந்தித்து, கலப்பில் ‘ஆ’வும் ‘ஈ’யும் ஒன்றுசேர்ந்து, அவை உருவாக்கும் புரதங்கள் பொருந்தாமல் போனால், கலப்புயிரி மலடாகிறது அல்லது கருவிலேயே அழிகிறது. மரபியலாளர் பேட்சன் 1909இல் கோடிட்டுக் காட்டிய இந்த விளக்கத்தை டாப்ஜான்ஸ்கியும் முல்லரும் 1930, 40களில் முழுமையாக்கினர். இரு பக்கமும் பத்துப் பத்து மாற்றங்கள் பரவியிருந்தால், ஒன்றையொன்று சந்தித்திராத இணைகள் நூறு. இருபது இருபது என்றால் நானூறு. பிரிவு நீள நீள, பொருந்தாமை கூடும் வேகமும் கூடுவது இதனால்தான்.

இயற்கையே செய்து வைத்திருக்கும் சோதனை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தி முழுவதுமாக மேலெழுந்து, கரீபியன் கடலையும் பசிபிக் பெருங்கடலையும் பிரித்தது. கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் இறால்கள் இருபுறமும் வாழ்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் மிக நெருங்கிய உறவினம் நிலத்தின் மறுபுறத்தில் இருக்கிறது. நான்சி நோல்டனும் உடன் ஆய்வாளர்களும் இருபுறத்து இறால்களையும் ஆய்வகத்தில் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது, தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் அந்த இணைகளில் பல ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளவே இல்லை; வளமான முட்டைத் தொகுதி கிடைத்தது மிக அரிது.

தொடர்வாசகன்

எழுத்துகளை வைத்துக் காட்டிய பிறகு தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் அதிலிருந்தே இன்னொரு ஐயம் பிறக்கிறது. ‘ஆ’வும் ‘ஈ’யும் பரவியதற்குத் தற்செயலே போதுமே? சிறிய கூட்டங்களில் நன்மை, தீமை எதுவும் இல்லாத மரபணுவும் மரபியல் நகர்வினால் பரவக்கூடும் என்கிறார்கள். அப்படியெனில் சிற்றினத் தோற்றத்தில் இயற்கைத் தேர்வு வெறும் பார்வையாளர்தானா?

மறுமொழி 2: பழ ஈ

கோட்பாட்டளவில் தற்செயலும் போதும். இரட்டைச்சுருள் சொன்ன கணக்கில் ‘ஆ’ ஏன் பரவியது என்ற நிபந்தனையே கிடையாது. ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், தேர்வின் கை ஓங்கியே தெரிகிறது. டயான் டாட் 1989இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகச் சொல்வேன். டுரோசோபிலா சூடோஅப்ஸ்கூரா என்னும் பழ ஈயின் ஒரே கூட்டத்திலிருந்து எட்டுக் கூட்டங்களைப் பிரித்து, நான்கை மாவுச்சத்து உணவிலும் நான்கை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரை உணவிலும் வளர்த்தனர். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின் ஈக்களைக் கலந்துவிட்டபோது, மாவுச்சத்து ஈக்கள் மாவுச்சத்து ஈக்களையும், மால்ட்டோஸ் ஈக்கள் மால்ட்டோஸ் ஈக்களையும் இணையாகத் தேர்ந்தெடுக்கும் போக்கு கண்கூடாகத் தெரிந்தது. இணைத் தேர்வுக்காக எந்த ஈயையும் யாரும் பொறுக்கவில்லை; உணவுக்குத் தகவமைந்ததோடு விருப்பமும் சேர்ந்து மாறியிருந்தது.

அந்த ஆய்வின் உயிர்நாடி பலர் எடுத்துச் சொல்லாத இன்னொரு பாதியில் இருக்கிறது. தனித்தனியாக வளர்ந்த இரண்டு மாவுச்சத்துக் கூட்டங்களைக் கலந்தபோது, அவை ஒன்றையொன்று ஒதுக்கவில்லை. பிரிந்திருந்த காலம் ஒன்றுதான். தற்செயலுக்குக் கிடைத்த வாய்ப்பும் ஒன்றுதான். தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இவையும் விலகியிருக்க வேண்டும் அல்லவா? விலகியவை வெவ்வேறு சூழலுக்குத் தகவமைந்த கூட்டங்கள் மட்டுமே.

மரபணு அளவிலும் இதே கதைதான். டுரோசோபிலா மெலனோகாஸ்டர், டுரோசோபிலா சிமுலான்ஸ் ஆகிய இரு ஈக்களின் சில கலப்புகள் உயிர் பிழைக்காமல் போவதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று, செல்லின் உட்கருச் சவ்விலுள்ள துளைகளை அமைக்கும் புரதம் ஒன்றைத் தருவது. அன்றாடப் பராமரிப்பு வேலை செய்யும் இத்தகைய புரதம் மாறாமலே இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அது இரு வழித்தோன்றல்களிலும் வேகமாக மாறியிருக்கிறது, அம்மாற்றங்களில் இயற்கைத் தேர்வின் தடயம் பதிந்திருக்கிறது. தேர்வு ஏதோ ஒரு தேவைக்காக அதை மாற்றியது. சிற்றினம் பிரிந்தது அதன் நோக்கத்தில் இல்லை.

மறுமொழி 3: புற்புதர்

மேலே உள்ள இரு விளக்கங்களோடும் எனக்கு உடன்பாடே. ஆயினும் ‘முதல் உயிரி’ என்று ஒன்று இருக்கவே முடியாது என்ற எண்ணத்தோடு எவரும் இங்கிருந்து போய்விடக் கூடாது. தாவரங்களில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஒரே தலைமுறையில் தடை எழுந்துவிடும். விலங்குகளை மட்டுமே வைத்துப் பரிணாமம் பேசும் வழக்கம் இதனை மறைத்துவிடுகிறது.

ட்ராகோபோகன் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மூன்று ஐரோப்பியச் செடிகள் வட அமெரிக்காவில் குடியேறின. ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம்கள். அவற்றுக்கிடையே கலப்பு நிகழ்ந்தால் வரும் செடி பெரும்பாலும் மலடு, ஏனெனில் தாய்வழிக் குரோமோசோம்களுக்கும் தந்தைவழிக் குரோமோசோம்களுக்கும் செல் பிரிவின்போது சரியான இணை அமைவதில்லை. எப்போதாவது அத்தகைய கலப்பில் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்து 24 ஆகிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் அச்சுப்போன்ற இணை கிடைத்துவிடுகிறது, மலடு வளமாகிறது. ஆனால் அச்செடி தன் பெற்றோரோடு கலந்தால் வருவது 18 குரோமோசோம்கள் கொண்ட மும்மயம் (மூன்று குரோமோசோம் தொகுதிகள் உடையது), அது பெரும்பாலும் மலடு. பெற்றோரிடமிருந்து ஒரே அடியில் பிரிவு! இவ்வாறு தோன்றிய இரு புதிய சிற்றினங்களை ஓன்பே என்னும் தாவரவியலார் 1950இல் விவரித்தார்.

சரி, அது யாரோடு இணை சேர்ந்தது? தன்னோடுதான். இச்செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையால் விதை தரக்கூடியவை. தொடர்வாசகன் கேட்ட கேள்விக்கு விலங்குகளில் கிடைக்காத நேரடி விடை இது. இயற்கைத் தேர்வுக்கு இங்கு வேலை பின்னால்தான் வருகிறது: புதிதாக வந்த செடி தாக்குப்பிடிக்குமா, பெற்றோரோடு போட்டியிட்டு இடம் பிடிக்குமா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மறுமொழி 4: ஏரிமீன்

இதுவரை நடந்த உரையாடலில் கடல், மலை என்று நிலவியல் பிரிவே முன்னால் நிற்கிறது. பிரியாமல் ஒரே இடத்தில் இருந்துகொண்டே விலக முடியுமா என்பது நெடுநாள் சண்டை. பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் 1942இல் முன்வைத்த வரையறையைத்தான் தாங்கள் பாடநூல் வழியே கேள்வியில் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். மேயருக்கு எதிராக வழக்கமாக நிறுத்தப்படும் சாட்சி ஆப்பிள் புழு ஈ.

வட அமெரிக்காவின் இந்த ஈ, ஹாத்தார்ன் என்னும் காட்டு மரத்தின் கனிகளில் முட்டையிட்டு வந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் ஆப்பிளைக் கொண்டுவந்தபின், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பகுதி ஈக்கள் ஆப்பிளுக்கு மாறின. ஈக்கள் தாம் வளர்ந்த கனியின் வாசனையைத் தேடிச் செல்கின்றன, அக்கனியின் மீதே இணை சேர்கின்றன. ஆப்பிள் மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகப் பழுக்கிறது, முதிர்ந்த ஈ வாழ்வதோ ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே இரு மரங்களும் அருகருகே நின்றாலும், ஒரு மரத்தின் ஈக்கள் பறக்கும் காலமும் மற்றதன் காலமும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆயினும் தலைமுறைக்கு 4 முதல் 6 விழுக்காடு வரை இரண்டும் கலக்கின்றன. அதற்குள் மரபணுக்கள் ஒருசீராகிவிடாமல் தேர்வு தடுத்துப் பிடித்திருக்கிறது. ஆய்வாளர்கள் இவற்றைத் தனிச் சிற்றினங்கள் என்று இன்னும் சொல்வதில்லை. எனக்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றுகிறது, ஏனெனில் பாதி வழியில் நிற்கும் ஒன்றை இங்கே அளந்து பார்க்க முடிகிறது.

தாங்கள் குறிப்பிட்ட டாஃப்னி மேஜர் தீவிலேயே தங்கள் கேள்விக்கான இன்னொரு விடையும் இருக்கிறது. 1981இல், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து பெரிய உடலும் வேறு பாட்டும் கொண்ட ஆண் ஃபிஞ்ச் ஒன்று அங்கு வந்து சேர்ந்து, உள்ளூர்ப் பெண் ஃபிஞ்சோடு இணைந்தது. ஆண் குஞ்சுகள் தந்தையின் பாட்டைக் கற்றுக்கொண்டன. பெண் பறவைகளும் கேட்டு வளர்ந்த பாட்டை வைத்தே துணையைத் தேர்வதால், சில தலைமுறைகளுக்குள் அவ்வழித்தோன்றல்கள் தமக்குள் மட்டுமே இணையத் தொடங்கின. 2003இல் தொடங்கிய இன்னொரு வறட்சியில் எஞ்சியவை ஓர் அண்ணனும் தங்கையும் மட்டுமே. அந்த இணையிலிருந்தே வழி மீண்டும் பெருகியது.

பிரிந்தது பிரிந்தே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களில் நெருங்கிய சில சிற்றினங்கள் ஆணின் நிறத்தை வைத்தே தம் இனத்தைக் கண்டுகொள்கின்றன. கலப்புக் குஞ்சுகள் மலடல்ல. கழிவுகளால் நீர் கலங்கி, நிறம் சரியாகத் தெரியாத பகுதிகளில் அவை மீண்டும் கலந்து, இரண்டு ஒன்றாகிவருகின்றன என்று ஓலே சீஹாசனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் காட்டினர். அங்கே மரபணுப் பொருந்தாமை வளர்வதற்குள் தடை போய்விட்டது; பனாமாவின் இறால்களிடம் நிலச்சந்தியை நாளை அகற்றினாலும் அவ்வாறு நடக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.