ஹெட்லெஸ் செமி-ஹாலோ கிட்டார்: ஜாஸுக்கும் கமகத்துக்கும் ஒரே கிட்டார் போதுமா?

மந்தரஸ்தாயி:
வணக்கம். ஹெட்லெஸ் (நெக் நுனியில் தலைப்பகுதி இல்லாத) செமி-ஹாலோ (உடம்பு பாதி உள்ளீடற்ற) எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பாதி நேரம் கிளீன் டோனில் ஜாஸ் கார்டுகள், மீதி நேரம் கம்பியை இழுத்துக் கமகம். எடை 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். என் சந்தேகங்கள்: இவ்வளவு சின்ன உடம்பில் செமி-ஹாலோ சத்தம் வருமா? பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அசையும் ட்ரெமலோவா, அசையாத ஃபிக்ஸ்டா? பிரிட்ஜிலேயே இருக்கும் ஹெட்லெஸ் டியூனர்கள் (சுருதித் திருகுகள்) சீக்கிரம் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா? இருப்பது சென்னையில், கடற்கரைப் பக்கம்.

பலகைக்காது:
சத்தத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஏமாற்றம் வருவது பெரும்பாலும் அங்கேதான். செமி-ஹாலோ என்றதும் மனசில் வருவது 1958-ல் கிப்சன் கொண்டுவந்த ஈ.எஸ்.-335. அதன் உடம்பு அகலம் 16 அங்குலம். மேலும் கீழும் மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் தலை முதல் கால் வரை ஒரு மரக்கட்டை, இரண்டு பக்கமும் காற்று. ஹெட்லெஸ்ஸில் வருவது வேறு சாதி. கெட்டி மரத்தை உள்ளே கடைந்து, மேலே பலகை ஒட்டி, அதில் ஒரு எஃப் துளை (f வடிவத் துளை) போட்டிருப்பார்கள். ஃபெண்டர் 1968-ல் விட்ட டெலிகாஸ்டர் தின்லைன் ஏறக்குறைய இந்த வழிதான், அதில் கடைந்து பலகை ஒட்டியது பின்பக்கம்.

ஆகவே 335-இன் அந்த ஊதின மாதிரியான நடுஸ்தாயியை எதிர்பார்க்காதீர்கள், அதற்குரிய காற்றின் அளவே உள்ளே கிடையாது. கிடைப்பது இதுதான்: மீட்டின கணம் சட்டென்று எழும்பும், அடிநாதம் கொஞ்சம் தளர்வாக இருக்கும், எடை குறையும். கிளீன் கார்டுக்கு அது அழகாகவே இருக்கும். நெக் பிக்அப்பில் நல்ல ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்) இருந்து, டோன் நாபை பாதிக்கு இறக்கினால் ஜாஸுக்குத் தாராளம்.

வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வயரிங்குக்கு மூடி இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்) மாற்றுவதற்குக்கூட எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக நூல் கட்டி இழுக்க வேண்டும். சின்ன துளை என்றால் நரகவேதனை.

ஆறாம்கம்பி:
கமகம் வாசிக்கிறவர் என்பதால் பிரிட்ஜ் விஷயத்தில் என் பதில் உறுதியானது: ஃபிக்ஸ்ட். மிதக்கும் ட்ரெமலோவில் ஒரு கம்பியை இழுத்தால் மொத்த இழுவிசை கூடும், ஸ்பிரிங் நீளும், பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற கம்பிகள் எல்லாம் இறங்கிவிடும். பக்கத்தில் ஆதார ஸட்ஜம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள், ஸட்ஜமே கூடச் சேர்ந்து அசையும். ஸ்பிரிங் குழியில் மரத்துண்டு வைத்துப் பூட்டலாம்தான். ஆனால் செமி-ஹாலோவில் அந்தக் குழி நடுக்கட்டையையே தோண்டித்தான் வந்திருக்கிறது. பூட்டிவைப்பதற்காக ஏன் அதை இழக்க வேண்டும்?

இன்னொன்று. ஹெட்லெஸ்ஸில் ஜீரோ ஃபிரெட்டுக்கு (நெக் நுனியில் கம்பி தொடங்கும் ஃபிரெட்) பின்னாலேயே கம்பி பூட்டப்பட்டுவிடும், சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னாலும் நீளம் கம்மி. இழுபட்டுக் கொடுக்க உபரிக் கம்பி இல்லாததால், அதே சுரத்துக்கு விரல் தள்ள வேண்டிய தூரம் குறையும். முதல் சில வாரம் எல்லாக் கமகமும் மேலே ஏறி நிற்கும், கை பழகினால் சரியாகிவிடும். ஃபிங்கர்போர்டு வளைவு தட்டையாக, அதாவது வளைவின் ஆரம் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கட்டும். ஸ்டிராண்ட்பெர்க் போடன் என்ற ஹெட்லெஸ் கிட்டாரில் 20. வளைவு அதிகமானால் நீள இழுப்பில் கம்பி மேல் ஃபிரெட்டில் தட்டிச் சத்தம் செத்துவிடும்.

டியூனர் கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் கம்பி மாட்டும் விதம். பெரும்பாலானவற்றில் குண்டு முனை பிரிட்ஜில், வெட்டு முனை தலைப்பக்கப் பூட்டில். மாட்டும் முன் டியூனரை முழுக்கத் தளர்த்தி, குண்டு முனையைப் பிடிக்கும் துண்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியைக் குறடால் நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஆலன் கீயால் பூட்டுங்கள். கையால் லேசாக இழுத்துப் பூட்டினால் டியூனர் கடைசிவரை போயும் சுருதி எட்டாது. அப்போது பலம் போட்டுத் திருகினால் மரை போய்விடும்.

கணக்கும் சொல்கிறேன். 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பியின் ஒலிக்கும் நீளம்) 10 கேஜ் (0.010 அங்குலத் தடிமன்) முதல் கம்பி தளர்வில் இருந்து ஈ வரை ஏற ஏறக்குறைய 5 மி.மீ. நீள்கிறது. அதுவே 17 கேஜ் மூன்றாம் கம்பி ஜி-க்கு 2 மி.மீ.கூட நீள்வதில்லை. மரையின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ. என்றால், அரை சுரம் ஏற்ற முதல் கம்பிக்கு ஒரு முழுச் சுற்றுக்கு மேல் வேண்டும், மூன்றாம் கம்பிக்கு அரைச் சுற்றுகூட வேண்டாம். மலிவான பிரிட்ஜில் ஜி கம்பி மட்டும் ஒரு இடத்தில் நிற்காமல் தாவுகிறது என்று எல்லோரும் புலம்புவது இதனால்தான். பணத்தை மரத்துக்குக் கொடுக்காதீர்கள், பிரிட்ஜுக்குக் கொடுங்கள்.

மந்தரஸ்தாயி:
ரொம்ப நன்றி. ஜாஸுக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடலாமா? கடையில் எதைச் சோதிப்பது?

ஆறாம்கம்பி:
போடலாம். ஆனால் வெட்டிவிட்டுப் பூட்டாதீர்கள். மேலே சுற்றியிருக்கும் தட்டைநாடா அவிழ்ந்து, உள்கம்பி வழுக்கும். முதலில் பூட்டி, சுருதி ஏற்றி, மிச்சக் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் குண்டு உள்ள கம்பி மட்டுமே ஏற்கும் ஸ்டைன்பெர்கர் பாணி பிரிட்ஜ் என்றால் வேண்டாம், அந்தக் கம்பி நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஸ்கேல் நீளம் பார்த்து வேறு வாங்க வேண்டும்.

பலகைக்காது:
கடையில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு டியூனர் நாபையும் இரண்டு சுரம் இறக்கி, விரல் நுனியால் மட்டும் திரும்ப ஏற்றுங்கள். எங்காவது மணல் அரைபடும் மாதிரி இருந்தாலோ துணி வைத்துத் திருக வேண்டியிருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். எஃப் துளைக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே ஒட்டு விட்டிருந்தால் ‘கிர்’ என்று ஒரு அதிர்வு கேட்கும். மேடையில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்பீர்களோ அவ்வளவு ஆம்பில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று ஐந்தாம் கம்பியை அடியுங்கள். ஊளையிட்டால் துளைக்குள் ஸ்பாஞ்ச் அடைத்தால் ஓரளவு அடங்கும்.

உட்கார்ந்தும் வாசித்துப் பாருங்கள். தலை கனம் இல்லாததால் நெக் கீழே சாயாது, அது பெரிய சுகம். ஆனால் சின்ன உடம்பு வலது தொடையில் வழுக்கும், முழங்கைக்கு இடம் இருக்காது. இடது தொடையில் கிளாசிக்கல் பாணியில் வைத்தால் நிற்கும்.

கடற்கரை வீடு என்றால் இரண்டு விஷயம். மெல்லிய மேல்பலகைக்கு 45–55 சதவீத ஈரப்பதம்தான் ஒத்துவரும், சென்னையில் 70-ஐ சாதாரணமாகத் தாண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பத மீட்டரும் வையுங்கள். டியூனர் மரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சாதாரணச் சுவர் ஹேங்கரில் மாட்ட முடியாது, தலை இல்லையே. உடம்பைத் தாங்கும் ஸ்டாண்டும், தலையில் கவ்வும் கிளிப் டியூனருக்குப் பதிலாக ஒரு பெடல் டியூனரும் (சுருதி காட்டும் கருவி) பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.