குறள் 55, "பெய்யெனப் பெய்யும் மழை": வகுப்பில் எந்த உரையைச் சொல்வது?

செங்காந்தள் (கேள்வி):
வணக்கம். வாழ்க்கைத் துணைநலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு 55ஆம் குறள் எப்போதுமே சிக்கல்தான்.

தெய்வம் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள்
பெய்யெனப் பெய்யும் மழை

பரிமேலழகர், மு.வ. உரைகளின்படி, கணவனையே தொழுது எழுபவள் 'பெய்' என்றால் மழை பெய்யும். கலைஞர் உரையோ, ஆணையிட்டதும் அஞ்சிப் பெய்கிற மழைபோலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள் அவள் என்கிறது. வேண்டும்போது பெய்கிற மழை போன்றவள் என்ற விளக்கமும் உண்டு. மாணவிகள் பழைய உரையை ஏற்க மறுக்கிறார்கள். புதிய உரையைச் சொன்னால் பெற்றோர் சிலர் கேள்வி கேட்கிறார்கள். எதை நடத்துவது? விடைத்தாளில் எதற்கு மதிப்பெண் போடுவது?

இலக்கண வாசகன்:
முதலில் இலக்கணத்தைப் பாருங்கள். 'பெய்யும்' என்பதை வினைமுற்றாகக் கொண்டால் 'மழை பெய்யும்' என்று கூட்டிப் பழைய உரை கிடைக்கும். பெயரெச்சமாகக் கொண்டால் 'தொழுதெழுவாள்' எழுவாய், 'மழை' பயனிலை. உவமை உரை கிடைக்கும். 'செய்யும்' என்னும் வாய்பாடு இரண்டாகவும் வரும் என்பதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

ஆனால் இரண்டுக்கும் ஒரே வலு இல்லை. 90ஆம் குறளில் "மோப்பக் குழையும் அனிச்சம்", "நோக்கக் குழையும் விருந்து" என்று இதே அமைப்பு வருகிறது. அங்கே 'குழையும்' முற்றுதான்.

அதைவிட வலுவான சான்று மணிமேகலை, சிறைசெய் காதை. நாற்சந்தியில் இருக்கும் சதுக்கப்பூதம், மருதி என்ற மணமான பெண்ணிடம் இந்தக் குறளையே எடுத்துச் சொல்லி, "பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்" என்கிறது. அவள் விழாவையும் கடவுளையும் பேணியதால் "மடவரல் ஏவ மழையும் பெய்யாது" என்றும் சொல்கிறது. கற்புடையவள் ஏவினால் மழை பெய்யும் என்பதுதான் மணிமேகலையை இயற்றிய சாத்தனார் கொண்ட பொருள். இதை மறைத்துவிட்டு உவமை உரையை மட்டும் நடத்துவது நேர்மையில்லை.

உரைமரபு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'பழைய உரை என்றால் மூலம் அப்படியே' என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடக் கூடாது. 61ஆம் குறளில் "அறிவறிந்த மக்கட்பேறு" என்றுதான் இருக்கிறது. பரிமேலழகர் அந்த அதிகாரத்துக்குப் 'புதல்வரைப் பெறுதல்' என்று தலைப்பு வைத்து, 'அறிவறிந்த' என்றதனால் 'மக்கள்' என்ற பெயர் பெண்ணை ஒழித்து நின்றது என்று எழுதுகிறார். அவர் காலத்துப் பார்வை அவர் உரையில் ஏறியிருக்கிறது. 55ஐ நடத்தும் நாளில் இதையும் காட்டுங்கள். பழைய உரையை மறுக்கும் மாணவிக்கு, உரையாசிரியரோடு வாதிடலாம் என்ற துணிவு வரும். அதற்குச் சான்று வேண்டும் என்பதும் புரியும்.

கலைஞர் உரையை நான் தள்ளமாட்டேன். அந்தப் பெண்ணின் நிலையைப் பற்றிய விமர்சனம் அது. அதை விமர்சனம் என்று பெயர் சொல்லியே நடத்த வேண்டும்.

கரும்பலகை:
ஒரு பாடவேளை, 40 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் உரை எதையும் திறக்காமல் சொல் பிரித்து, வினைமுற்று எது என்று கேளுங்கள். அடுத்த 15 நிமிடம் 90ஆம் குறளையும் மணிமேகலை வரிகளையும் பலகையில் எழுதி ஒப்பிடுங்கள். "வானம் பொய்யாது" என்று தொடங்கும் சிலம்பின் அடைக்கலக் காதை வரிகளைச் சேர்த்தால், கற்பையும் மழையையும் இணைத்தது அக்கால நம்பிக்கை என்பது விளங்கும். அதன் பிறகு உரைகள். 'இன்று இதை ஏற்கலாமா?' என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். அதில் தொடங்கினால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும், செய்யுளை யாரும் படிக்கமாட்டார்கள்.

மதிப்பெண் தகராறுக்குக் காரணம் பெரும்பாலும் வினாத்தாள்தான். 'இக்குறளின் பொருள் யாது?' என்று கேட்டால் எந்த உரையை எழுதினாலும் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். 'பரிமேலழகர் உரைப்படி பொருள் எழுதி, வேறோர் உரை எங்கே மாறுபடுகிறது என்று காட்டுக' என்று கேளுங்கள். 5 மதிப்பெண் என்றால் பொருளுக்கு 2, மாறுபடும் இடத்தைச் சொல்லோடு சுட்டியதற்கு 2, காரணம் காட்டிய சொந்தக் கருத்துக்கு 1. கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

செங்காந்தள்:
நன்றி. பெற்றோர் கேட்டால்?

கரும்பலகை:
மாணவரின் குறிப்பேட்டைக் காட்டுங்கள். ஒவ்வோர் உரைக்கும் மேலே உரையாசிரியர் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாமல் 'பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஆசிரியரின் சொந்தக் கருத்து என்றே எடுத்துக்கொள்வார்கள்.