பழைய இசட்4 வாங்கியிருக்கிறேன்: எந்த மேம்பாட்டுக்குச் செலவு செய்வது தகும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2011-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ் 35ஐ காரைத் திருச்சூரில் ஒருவரிடமிருந்து அண்மையில் வாங்கினேன். மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டுகிறது. சர்வீஸ் பதிவுகள் பாதிதான் கிடைத்தன. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜின். 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் இரட்டை கிளட்ச். நெடுநாள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்பதால் அதை முறையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

வார நாட்களில் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழியாறு வழியாக வால்பாறைக்கோ, நென்மாறையிலிருந்து போத்துண்டி அணை வழியாக நெல்லியாம்பதிக்கோ ஓட்டிப் போக விரும்புகிறேன். மேம்பாட்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொன்னவை இவை: இசியூ ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது), புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் இல்லாத டவுன்பைப்புடன் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்) புதிய சைலன்சர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், 19 அங்குல அலாய், பெரிய பிரேக். இவற்றில் எது உண்மையில் பயன் தரும், எதை முதலில் செய்ய வேண்டும்?

ஓட்டிப் பார்த்ததில் நான் கவனித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது வண்டி மிகக் கடுமையாக அடிக்கிறது. வால்பாறையிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் எடுக்கிறது. இன்ஜின் சூடான பின் ஐட்லிங்கில் தகரம் நடுங்குவது போன்ற மெல்லிய ஓசை வருகிறது.

பட்டறை ராஜாமணி, பொள்ளாச்சி:

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் கடைசிப் பத்தியிலேயே விடை இருக்கிறது. அந்த நான்கு அறிகுறிகளையும் தீர்க்காமல் மேலே எதைப் பூட்டினாலும் பணம் வீணாகும், இன்ஜினுக்கும் ஆபத்து.

டயரிலிருந்து தொடங்குவோம். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1416 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் தேயாமலேயே ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். பார்வைக்குப் புதிது போலவே தெரியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கர இயக்கமுள்ள வண்டி, 400 நியூட்டன் மீட்டர் டார்க், நெல்லியாம்பதி மலையில் மழையில் நனைந்து பாசி படிந்த சாலை: இந்த மூன்றும் சேருமிடத்தில் கெட்டிப்போன டயருடன் போகவே கூடாது. இந்தப் பணத்தில் வேகத்தையும் பாதுகாப்பையும் ஒரே நேரத்தில் கூட்டக்கூடியது நல்ல டயர் ஒன்றுதான்.

அடுத்தது பிரேக். மிதி ஆழமாகப் போவதற்குப் பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில்தான் காரணம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை கொண்டது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடும். ஆழியாற்றுச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி ஆழ்வது அதனால்தான். பெரிய பிரேக் மாட்டினாலும் பழைய ஆயிலை வைத்திருந்தால் இதே கதைதான் நடக்கும். ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், பதினான்கு வயதைத் தாண்டிய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள். கம்பெனி கொடுத்த டிஸ்க்கும் காலிப்பரும் இந்தச் சாலைகளுக்குத் தாராளமாகப் போதும். இறங்கும்போது கியர் லீவரை மேனுவலில் வைத்து இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்கும் பழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் தாமதமாவது ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப் களைத்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த என்54 இன்ஜினில் அது நன்கு அறியப்பட்ட பலவீனம். தகர ஓசை டர்போவின் வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் சிறு கதவு) கம்பி தேய்ந்ததால் வருவது. லேசாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைகிறதா என்று ஸ்கேனரில் பார்த்தே ஆக வேண்டும். எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது மெல்ல மெல்லக் கெடாது, ஒரு நாள் வழியில் நின்றுவிடும். பில் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

இன்னொன்றை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இன்ஜினின் முன்பக்கம் ஆயில் ஃபில்டர் பொருத்தப்பட்டிருக்கும் அலுமினிய இருக்கைக்கும் இன்ஜினுக்கும் இடைப்பட்ட விளிம்பில் விரலை ஓட்டுங்கள். விரலில் கருப்பாக, மண் கலந்த பிசுக்கு ஒட்டினால் கேஸ்கெட் கசிகிறது. கேஸ்கெட் சிறிய பொருள்தான். ஆனால் அந்த ஆயில் நேராக பெல்ட்டின் மேல் சொட்டும். பெல்ட் நைந்து கிழிந்தால் அதன் நார் இன்ஜின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் சீலுக்குள் இழுக்கப்பட்டு இன்ஜினையே திறக்க வேண்டி வரும்.

தாழ்த்தும் ஸ்பிரிங், 19 அங்குல அலாய் இரண்டும் வேண்டவே வேண்டாம். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இருபுறமும் உள்ள வேகத்தடைகளை நீங்கள் அறிவீர்கள்.

கோவை டார்க்:

அண்ணன் சொன்ன வரிசையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ரீமேப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் அதை மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியைப் பொறுத்தவரை அது வெறும் விளம்பரப் பேச்சு அன்று. இதே என்54 இன்ஜினை வைத்து பிஎம்டபிள்யூவே 35ஐஎஸ் என்ற பெயரில் 340 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. எனவே நல்ல நிலையிலுள்ள இன்ஜினில் அந்த அளவுக்கு ஏற்றுவது அதன் தாங்குதிறனுக்கு உட்பட்டதே. சைலன்சர் மாற்றினால் ஓசைதான் பெருமளவு மாறும், திறன் சிறிதே கூடும். ரீமேப்பில் கூடும் திறனையோ, மற்ற வண்டிகளை முந்தும் ஒவ்வொரு முறையும் உணர்வீர்கள்.

இருப்பினும் மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, த்ராட்டிலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சார்ஜ் பைப் இந்த வண்டியில் பிளாஸ்டிக். பூஸ்டைக் கூட்டினால் கிளிப் பிடிக்கும் கழுத்தில் வெடித்துப் போகும், ஏற்றத்தில் வண்டி திடீரென்று தளர்ந்துவிடும். அலுமினியத்தில் ஒன்றை முன்னதாகவே மாட்டிவிடுங்கள். இரண்டாவது, வெப்பம். பாலக்காட்டில் பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் சிறிய இன்டர்கூலர் விரைவில் சூடேறி, இசியூ இக்னிஷன் டைமிங்கைப் (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய திறன் அந்த வெயிலில் கையில் கிடைக்காது. ஆகவே எனக்கு ரீமேப்பையும் இன்டர்கூலரையும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாவது, பெட்ரோல். வெளிநாட்டு ரீமேப் கோப்புகள் பல 98 ஆக்டேன் (பெட்ரோலின் தரக் குறியீடு) பெட்ரோலை வைத்து எழுதப்பட்டவை. நம் பெட்ரோல் பங்குகளில் எளிதில் கிடைக்கும் பிரீமியம் 95 தான். 100 ஆக்டேன் கொண்ட எக்ஸ்பி 100 பெட்ரோல் பெருநகரங்களில் சில பங்குகளில் மட்டும் கிடைக்கிறது. 95-க்கு என்றே எழுதிய கோப்பைக் கேளுங்கள். ரீமேப் செய்பவர் லாக் (ஓடும்போது இன்ஜின் அளவுகளின் பதிவு) எடுத்துக் காட்ட மறுத்தால் அவரிடம் செய்யாதீர்கள்.

இன்னொரு சிறு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜின் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அவற்றின் முதுகில் கரி தடிமனாகப் படியும். வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றோடு பீய்ச்சி அதை எடுப்பார்கள். சில வண்டிகளில் அது ஒன்றே இழந்த சுறுசுறுப்பைத் திருப்பித் தந்துவிடும், அதற்குப் பிறகு ரீமேப் வேண்டுமா என்று நீங்களே யோசிக்கக்கூடும்.

முழு வேகத்தை ஓட்டிப் பார்க்கும் ஆசையைச் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அது அருகில்தான். வால்பாறைச் சாலையில் வளைவுக்கு அப்பால் அரசுப் பேருந்தும் வரும், யானையும் நிற்கும்.

பாலக்காடு சர்வேயர்:

வாகன இன்சூரன்ஸ் மதிப்பீட்டுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் இதில் தளர்வாகப் பொருள் கொண்டிருந்ததை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

எனவே கேட்டலிடிக் இல்லாத டவுன்பைப் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அது புகையையும் ஓசையையும் ஒருசேரக் கூட்டும். சோதனையில் நிறுத்தப்படும் வண்டிகளில் முதலில் கண்ணுக்கும் காதுக்கும் படுவது சைலன்சர்தான். ரீமேப் வெளியே தெரியாது என்பது உண்மை, ஆனால் பெரிய விபத்து நேர்ந்து கிளைம் போடும்போது அறிவிக்கப்படாத திறன் மாற்றம் சிக்கலாகலாம். செய்வதானால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து அவர்களுடைய பதிலையும் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டயர், பேட், பிரேக் ஆயில், அதே அளவு ஷாக், வாட்டர் பம்ப் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன்: நான்கு டயர்களும் 2016-இல் தயாரானவை, பின் டயர்களில் வெடிப்புத் தெரிகிறது. ஆயில் ஃபில்டர் இருக்கையில் விரல் கருப்பாகவே வந்தது. டவுன்பைப், ஸ்பிரிங், அலாய் மூன்றையும் விட்டுவிடுகிறேன். முதலில் டயர், பிரேக், கேஸ்கெட், பம்ப். மீதமிருக்கும் பணத்தைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் பதில் வந்த பின் ரீமேப்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இப்போது இருப்பவை ரன் ஃபிளாட் டயர்கள் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை). அவற்றையே வாங்குவதா, சாதாரண டயருக்கு மாறுவதா? இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாதே?

கோவை டார்க்:

தயங்காமல் சாதாரண டயருக்கு மாறுங்கள். பாலத்து இணைப்புகளில் அடிக்கிறது என்றீர்களே, அதில் பெரும் பங்கு ரன் ஃபிளாட்டின் விறைத்த பக்கச் சுவருடையது. ஷாக் மாற்றாமலேயே வண்டி வேறொன்றாகத் தெரியும்.

பட்டறை ராஜாமணி, பொள்ளாச்சி:

சாலையில் அவர் சொல்வது சரி, ஆனால் நீங்கள் போகும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் தம்பி. ஆழியாறு தாண்டியதும் மலை முழுக்கக் காடு. இருட்டிய பின் பஞ்சர் பார்க்க ஆள் கிடைக்காது. ரன் ஃபிளாட் என்றால் காற்றே இல்லாவிட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். குடும்பத்தாரோடு இரவில் மலை ஏறும் வழக்கமிருந்தால் ரன் ஃபிளாட்டிலேயே இருங்கள். பகலில் மட்டும் போவீர்கள் என்றால் சாதாரண டயருக்கு மாறி, பன்னிரண்டு வோல்ட் காற்றடிக்கும் பம்பும், திரி வைத்து அடைக்கும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆணி ஏறிய ஓட்டையை அதைக் கொண்டு நீங்களே அடைத்துவிடலாம், பக்கச் சுவர் கிழிந்தால் மட்டும் வண்டியைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். முன்னுக்கு இரண்டு ரன் ஃபிளாட், பின்னுக்கு இரண்டு சாதாரணம் என்று கலந்து மட்டும் போடாதீர்கள்.

அளவை மாற்ற வேண்டாம். 18 அங்குல அலாய்க்கு முன்னால் 225/40, பின்னால் 255/35 என்றே வாங்குங்கள், கடையில் தயாரிப்பு வாரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புது டயர் பூட்டிய அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட்டும் செய்யச் சொல்லுங்கள். முன் சக்கரம் மட்டும் பார்த்து அனுப்பிவிடும் கடைகள் உண்டு. இந்த வண்டிக்குப் பின் சக்கரக் கோணமும் தப்பினால் டயர் உள்பக்கமாகத் தேய்ந்து போகும். புது பேட்டைப் பழக்குவதற்கு, காலியான சாலையில் 60-இலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து அப்படியே சில முறை செய்யுங்கள், பிறகு பிரேக்கைத் தொடாமல் மெல்ல ஓட்டி ஆறவிடுங்கள். அதை முடித்த பிறகு வால்பாறைக்குப் போகலாம்.