15 வயதுப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லலாமா, கல்யாணப் பேச்சு வரை தள்ளலாமா?

மஞ்சக்குப்பம்_சித்தி:
என் அக்கா மகளுக்கு 15 வயது. இன்னும் வயசுக்கு வரவில்லை. கடலூரில் ஸ்கேன் எடுத்து, அப்புறம் புதுச்சேரியில் குரோமோசோம் டெஸ்டும் பார்த்தாயிற்று. கர்ப்பப்பை இல்லை, குரோமோசோம் பொதுவாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய், ஆனால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காத நிலை என்றார் டாக்டர். பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், நானும் கூட உட்காருகிறேன் என்கிறார். அக்காவும் மாமாவும் கல்யாணம் பேசும்போது பார்க்கலாம் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். எனக்கு டாக்டர் பேச்சுதான் நியாயமாகப் படுகிறது.

லாஸ்பேட்டை_அப்பா:
வேண்டாம்மா. எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். எக்ஸ்ஒய் என்று போனில் தேடினால் ஆண் என்றுதான் முதலில் வரும், அந்த ராத்திரி அவள் மனது என்ன பாடுபடும்? ஒரு தோழியிடம் சொன்னால் போதும், பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய சாந்தி சவுந்தரராஜனிடமே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள், அப்புறம் ஊர் அவரை என்ன பாடுபடுத்தியது என்று பார்த்தோமே.

பாகூர்_பெண்:
அண்ணே, சாந்தியை நோகடித்தது ஊரறியப் போட்டு உடைத்தது. இங்கே பேசுவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்வதைப் பற்றி.

எனக்கும் இதே நிலைதான். இதில் கர்ப்பப்பை இருக்காது, உடம்புக்குள் விரைகள் இருக்கும். சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி உள்ளே இருந்த விரைகளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பின்னாளில் தினமும் போட்ட ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரையை வீட்டில் சத்து மாத்திரை என்றார்கள். சத்து மாத்திரைதானே என்று காலேஜ் போனதும் நிறுத்திவிட்டேன். பிறகு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சோதனையில் வந்தபோதுதான் பழைய ஃபைலைப் புரட்டிப் படித்து எல்லாம் தெரிந்துகொண்டேன், தனியாக, பக்கத்தில் யாரும் இல்லாமல். நோயைவிட, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுதான் இன்றும் வலிக்கிறது.

லாஸ்பேட்டை_அப்பா:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் 18 ஆகட்டும் என்பதில் என்ன தப்பு? சடங்கு எப்போது என்று அத்தைமார்கள் கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

வார்டு_நர்ஸ்:
இப்போதும் கேட்கத்தானே செய்கிறார்கள் சார், பதில் தெரியாமல் அவள்தான் நிற்கிறாள். "டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி போதும். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவள் முடிவு, அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. முதலில் கர்ப்பப்பை இல்லை, அதனால் மாதவிடாய் வராது. அவள் கேட்கக் கேட்க ஹார்மோன், குரோமோசோம். நீ பெண்தான், எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பெண்ணாக வளர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதை டாக்டர் வாயால் அவள் கேட்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளலாம், கருத்தரிக்க முடியாது, தத்தெடுக்கலாம் என்பதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அம்மா அப்பா இல்லாமல் டாக்டரிடம் கொஞ்ச நேரம் பேச விடுங்கள், அவர்கள் எதிரில் கேட்காததைக் கேட்பாள். மாணவர்களைச் சுற்றி நிறுத்திப் பரிசோதித்தால் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

இவள் நிலை வேறு, ஆனால் பிறவியிலேயே அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்வது உயிர்ப் பிரச்சினை. காய்ச்சல் வந்தால் தினமும் போடும் ஹைட்ரோகார்டிசோன் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், ஹாஸ்டலில் அம்மாவா இருக்கப் போகிறார்?

பாகூர்_பெண்:
இன்னொன்று. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பெற்றோர் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று சொல்லி, இப்படிப் பிறந்த குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் ஆபரேஷனைத் தடுக்கச் சொன்னது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசாணை போட்டது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. முடிவு பிள்ளையுடையது என்றால், விஷயம் தெரியாமல் அவள் எதை வைத்து முடிவெடுப்பாள்?

லாஸ்பேட்டை_அப்பா:
அந்த அரசாணை எங்கள் புதுச்சேரிக்குப் பொருந்தாதே. சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆபரேஷன் பேச்சு வந்தால் முன்பே சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் என்றால் இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

வார்டு_நர்ஸ்:
ஆபரேஷன் பேச்சு எப்படியும் வரும் சார். விரைகளைப் பருவ வயது முடியும்வரை விட்டு வைப்பதுதான் இப்போது வழக்கம், அதற்குள் புற்றுநோய் ஆபத்து குறைவு. அதன் பிறகு வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அவளிடம்தான் கேட்பார்கள்.

சித்தி, உங்களுக்கும் ஒரு விஷயம். இது பெரும்பாலும் தாய் வழியாக வரும், சிலருக்குப் புதிதாகவும் ஏற்படும். அக்காவுக்கு அந்த மரபணு இருந்தால் உங்களுக்கும் இருக்கலாம். மரபணு ஆலோசனைக்கு அக்காவோடு நீங்களும் போங்கள், உங்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் அதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.